குளியலறையில் லார்ஜ் ஃபார்மட்: எக்ஸ்ரே ஃபிலிமும் கைக்கலவை டெவலப்பரும்

ரோல் ஃபிலிமில் 36 படம் எடுத்து, நீங்களே கலக்கிய டெவலப்பரில், அதாவது ஃபிலிமில் பதிந்த படத்தை வெளியே கொண்டுவரும் மருந்துக் கரைசலில் போட்டு, கலவையில் ஏதோ பிசகியிருந்தால் 36ம் போச்சு. எது தப்பு என்றுகூடத் தெரியாது. லார்ஜ் ஃபார்மட் எனும் பெரிய கேமராவில் தனித்தனித் தாளாகப் போடும் ஷீட் ஃபிலிமில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு ஷீட் ஒரு படம். ஒன்றை 5 நிமிடம் கழுவலாம் (டெவலப்பரில் போட்டு எடுப்பதைத்தான் கழுவுவது என்கிறேன்), அடுத்ததை 8 நிமிடம். ஒன்றுக்கு மெட்டால் என்ற டெவலப்பர் மருந்து, இன்னொன்றுக்குக் காபித்தூள். "முதலில் 35 மில்லிமீட்டரில் பழகு, பிறகு டெவலப்பர் கலக்கு, லார்ஜ் ஃபார்மட் எல்லாம் கடைசியில்" என்று பலர் சொல்வார்கள். டெவலப்பர் கலக்கிப் பார்க்கும் ஆசை இருந்தால் நேராகப் பெரிய ஷீட்டுக்கே வந்துவிடுங்கள் என்பது என் கட்சி. அதிலும் முதல் ஐம்பது ஷீட் எக்ஸ்ரே ஃபிலிமாக இருக்கட்டும். விலை குறைவு என்பது ஒரு காரணம். சிவப்பு விளக்கில் படம் எழும்பி வருவதைக் கண்ணால் பார்க்கலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

கேமரா பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 4x5 இன்ச் ஃபீல்டு கேமரா ஒன்று, 150 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, ஃபிலிமை ஏற்றிக் கேமராவில் செருகும் ஹோல்டர் இரண்டு அல்லது மூன்று, ஆடாத முக்காலி. இங்கிலாந்தின் இன்ட்ரெபிட் பிளைவுட் கேமராவோ, பழைய மரக் கேமராவோ, எதுவானாலும் சரி. லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக நீளும் பெல்லோஸில் ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு பெல்லோஸுக்குள் செல்போன் டார்ச்சை வைத்தால், ஓட்டை இருக்கும் இடம் நட்சத்திரம் மாதிரி மின்னும். மடிப்பு மூலைகளில்தான் பெரும்பாலும் இருக்கும். கருப்புத் துணியும் ரப்பர் பசையும் போதும்.

ஃபிலிம் வாங்கும்போது

ஊட்டியில் 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் எக்ஸ்ரே ஃபிலிமும் கருப்பு வெள்ளை ஃபிலிமும் செய்துவந்தது. அந்த ஆலை மூடிவிட்டது. இப்போது மருத்துவச் சாமான் விற்கும் கடைகளில் பிற கம்பெனிகளின் பெட்டிகள்தான் கிடைக்கின்றன. கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள்: 8x10 இன்ச், கிரீன் சென்சிடிவ் (பச்சை வெளிச்சமும் பதியும் வகை), டெவலப்பரில் கழுவும் பழைய வகை. இன்று பெரும்பாலான ஸ்கேன் சென்டர்களில் ஓடுவது டிரை ஃபிலிம். பார்க்க அதே மாதிரி நீலமாக, அதே அளவில் இருக்கும். ஆனால் அது மெஷினின் லேசருக்கோ சூட்டுக்கோ படம் பிடிக்கிற சரக்கு, நம் டெவலப்பரில் போட்டால் ஒன்றும் வராது. பெட்டியைப் பிரித்த பிறகு யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள்.

8x10 ஷீட்டை நான்காக வெட்டினால் 4x5 நான்கு கிடைக்கும் என்று கணக்கு சொல்கிறது. ஹோல்டர் அதை ஒப்புக்கொள்ளாது. 4x5 ஹோல்டருக்குள் போகும் ஃபிலிம் உண்மையில் 4x5ஐவிட ஒரு சுற்றுச் சிறியது. சரிபாதியாக வெட்டினால் தண்டவாளத்தில் சிக்கி வளையும். நீளத்திலும் அகலத்திலும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் குறைத்து வெட்டுங்கள். பேப்பர் கட்டரில் அட்டைத் துண்டு ஒட்டித் தடுப்பு வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டாம். ஒரு ஷீட்டைப் பலிகொடுத்து, வெளிச்சத்திலேயே வெட்டி ஹோல்டரில் ஏற்றிப் பார்த்துவிட்டு, பிறகு சிவப்பு விளக்கில் மற்றதை வெட்டலாம். காட்டன் கையுறை அவசியம். நம் ஊர் வியர்வைக்கு விரல் ரேகை அப்படியே நெகட்டிவில் பதியும்.

சிவப்பு விளக்கை நம்புவதற்கு முன் ஒரு சோதனை. ஃபிலிம் துண்டு ஒன்றை மேசையில் வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, சிவப்பு விளக்கில் 5 நிமிடம் விட்டுவிட்டுக் கழுவிப் பாருங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் அந்த விளக்கு ஆகாது. கடையில் கிடைக்கும் சிவப்பு எல்இடி பல்புகளில் சில பாஸாகும், சில ஃபெயிலாகும். சீரியல் செட்டுச் சிவப்பைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்.

இந்த ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதனால்தான் சிவப்பு விளக்கில் வேலை செய்ய முடிகிறது. அதே காரணத்தால் செம்பருத்தி கருப்பாக விழும், குங்குமப் பொட்டு மைப்பொட்டாகும், செங்கல் சுவர் இருண்டு போகும், மாநிற முகம் ஒரு படி கூடுதலாகக் கறுக்கும். முகம் எடுப்பதானால் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாமல் எடுத்தேன். அந்தப் படத்தை அத்தை இன்றுவரை மன்னிக்கவில்லை.

இன்னொரு சங்கதி. எக்ஸ்ரே ஃபிலிமில் இரண்டு பக்கமும் எமல்ஷன், அதாவது வெளிச்சம் பதியும் பூச்சு, உண்டு. எந்தப் பக்கத்தை லென்ஸைப் பார்க்க வைப்பது என்ற குழப்பம் இல்லை. ஆனால் டிரேயின் அடி உரசினால் கீழ்ப்பக்கம் கீறல் விழும். அதற்கான வைத்தியம் பின்னால் வருகிறது.

மருந்து வாங்குதல்

முதல் டெவலப்பராக டி-23ஐச் சொல்வேன். 1940களில் கோடாக் வெளியிட்ட கலவை. இரண்டே சாமான்தான்: மெட்டால் 7.5 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், தண்ணீர் சேர்த்து மொத்தம் 1 லிட்டர். அதற்கு முன்பே புகழ்பெற்ற டி-76இல் மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், சல்ஃபைட் அதே 100 கிராம். டி-23இல் அளக்க வேண்டியது இரண்டுதான் என்பதால் தப்பு நடக்கவும் இரண்டே இடம். சல்ஃபைட் அதில் மூன்று வேலை பார்க்கிறது. மெட்டால் காற்றுப்பட்டுக் கெடாமல் காக்கிறது, கரைசலுக்கு லேசான காரத்தன்மை தருகிறது, வெள்ளியைக் கொஞ்சம் கரைத்துப் படத்தின் குருணையை மென்மையாக்குகிறது.

கெமிக்கல் கடையில் எழுதிக் கொடுக்கும் சீட்டில்தான் என் முதல் தோல்வி நடந்தது. என் கையெழுத்தின் லட்சணத்தில் 'சல்ஃபைட்' என்பது 'சல்ஃபேட்' ஆகிவிட்டது. வெள்ளைப் பொடி, அதே மாதிரி பாக்கெட். நானும் லேபிளைப் படிக்கவில்லை. கலக்கினேன், ஃபிலிமைப் போட்டேன், பத்து நிமிடம் சிவப்பு விளக்கடியில் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஃபிலிம் போட்டது போட்டபடி பால் நிறத்தில் கிடந்தது. ஷட்டர் திறக்கவில்லை போல என்று நினைத்து இரண்டாவது ஷீட்டையும் போட்டேன். அதுவும் அப்படியே. சல்ஃபேட்டில் காரமில்லை, மெட்டாலுக்கு வேலை செய்யத் தெம்பில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாளாயிற்று. இப்போது புதிதாக வாங்கும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு சிட்டிகை எடுத்து, மாடியில் காற்றோட்டத்தில் வைத்து, இரண்டு சொட்டு வினிகர் விடுவேன். தீக்குச்சி அணைந்த மாதிரி மூக்கைக் குத்தும் நெடி வந்தால் சல்ஃபைட். ஒன்றுமே வராவிட்டால் சல்ஃபேட். இதே பெயர்க் குடும்பத்தில் 'சல்ஃபைடு' என்று மூன்றாவது ஒன்று உண்டு. மஞ்சள் செதிலாக, அழுகிய முட்டை வாடையோடு இருக்கும். அதில் வினிகர் பட்டால் விஷவாயு. அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கழுவிய படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸருக்கு ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்ஃபேட். இதற்குக் கெமிக்கல் கடைக்கே போக வேண்டாம். மீன் தொட்டிக் கடையில் குளோரின் நீக்க விற்கும் கல்கண்டு மாதிரியான படிகம் இதுதான். லிட்டருக்கு 250 கிராம். கையிருப்பில் உள்ள சல்ஃபைட் 15 கிராம் சேர்த்தால் கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கும்.

தராசு 0.1 கிராம் வரை காட்டினால் போதும், 0.01 காட்டினால் சௌகரியம். தெர்மாமீட்டர், அளவுக் குவளை, மூன்று பிளாஸ்டிக் டிரே, நைட்ரைல் கையுறை. மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் புண்ணும் கொண்டுவரும், அதனால் கையுறையில்லாமல் டிரேயில் கை விடாதீர்கள். டிரேயும் குவளையும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. கரைசல் பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும், வீட்டில் குழந்தைகள் இருக்கலாம். புட்டியில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிப் பூட்டி வையுங்கள்.

கலக்குதல்

தண்ணீர் கேன் தண்ணீராகவோ ஆர்ஓ தண்ணீராகவோ இருக்கட்டும். போர் தண்ணீரின் உப்பு கரைசலைக் கலங்கடிக்கும்.

750 மில்லி தண்ணீரை 50 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குங்கள். அளந்து வைத்த 100 கிராம் சல்ஃபைட்டிலிருந்து ஒரு சிட்டிகை மட்டும் எடுத்து முதலில் போடுங்கள். அது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். அடுத்து மெட்டால் முழுவதையும் போட்டு, ஒரு துகள்கூட மிதக்காத வரை கலக்குங்கள். அதன் பிறகுதான் மீதி சல்ஃபைட், கொஞ்சம் கொஞ்சமாக. வரிசையை மாற்றி சல்ஃபைட்டை முதலில் கொட்டிவிட்டால் அந்த அடர்த்தியில் மெட்டால் லேசில் கரையாது. வெள்ளைத் தூளாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், நீங்களும் கரண்டியோடு சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். எல்லாம் தெளிந்தபின் 1 லிட்டர் வரை தண்ணீர் சேர்த்து, பழுப்பு நிறப் புட்டியில் கழுத்து வரை நிரப்பி, தேதி எழுதுங்கள். ஒரு பெரிய புட்டியைவிட 250 மில்லிப் புட்டி நான்கு மேல், பாதிப் புட்டியில் நிற்கும் காற்றுதான் டெவலப்பருக்கு எமன். காற்றுப் படாமல் இருந்தால் சில மாதம் தாங்கும்.

ஹைப்போ கரைக்கும்போது ஒரு வேடிக்கை பார்க்கலாம். படிகம் கரையக் கரையத் தண்ணீர் ஜில்லென்று ஆகிவிடும், குவளையின் வெளியே வேர்க்கும். ஆகவே கொஞ்சம் வெந்நீரில் கரையுங்கள்.

ஹோல்டரும் முதல் சோதனைப் படமும்

இரவு ஒன்பது மணிக்கு மேல் குளியலறையே டார்க் ரூம். கதவிடுக்கில் துண்டு, ஜன்னலில் கருப்புச் சார்ட் பேப்பர். ஃபிலிமை ஹோல்டரின் இரு பக்கத் தண்டவாளத்துக்கும் அடியில் நழுவவிட்டு, அடிமடலை மூடி, வெளிச்சத்தைத் தடுக்கும் தகடான டார்க் ஸ்லைடைத் தள்ளுங்கள். கைப்பிடியின் வெள்ளைப் பக்கம் வெளியே தெரிந்தால் படம் எடுக்காத ஃபிலிம். எடுத்தபின் ஸ்லைடைத் திருப்பிச் செருகிக் கருப்புப் பக்கம் வெளியே வருமாறு வைப்பது உலக வழக்கம்.

எடுக்கும் வரிசையை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். லென்ஸைத் திற. கருப்புத் துணிக்குள் தலையை விட்டு, கேமராவின் பின்பக்க மங்கல் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸில் தலைகீழாகத் தெரியும் பிம்பத்தைக் கூர்மையாக்கு. லென்ஸை மூடு. அபர்ச்சர் வை, ஷட்டரை ஏற்று. ஹோல்டரைச் செருகு. ஸ்லைடை உருவு. அழுத்து. ஸ்லைடைத் திருப்பிப் போடு. 'லென்ஸை மூடு' என்பதை மறந்து ஸ்லைடை உருவாதவர் இந்தத் தொழிலில் யாருமில்லை.

பக்கத்திலுள்ள பொருளை எடுத்தால் பெல்லோஸ் நீளும், ஃபிலிமுக்கு வரும் வெளிச்சம் குறையும். 150 மில்லிமீட்டர் லென்ஸுக்குப் பெல்லோஸ் 210 மில்லிமீட்டர் நீண்டிருந்தால் 210ஐ 150ஆல் வகுத்து வருவதை அதனாலேயே பெருக்குங்கள். ஏறக்குறைய 2 வரும். வெளிச்சம் இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும்.

எக்ஸ்ரே பெட்டியில் ஃபிலிமின் வேகத்தைச் சொல்லும் ஐஎஸ்ஓ எண் இருக்காது. கிரீன் ஃபிலிமைப் பகல் வெளிச்சத்தில் 50 என்று வைத்து ஆரம்பிக்கலாம். ஆனால் ஒரே ஷீட்டில் நான்கு வேகங்களைச் சோதித்துவிட வழி இருக்கும்போது ஊகம் எதற்கு? வெயிலும் நிழலும் கலந்த, அசையாத ஒரு காட்சி போதும், எங்கள் மாடித் துளசி மாடத்தை நான் எத்தனை முறை எடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. செல்போன் மீட்டரை ஐஎஸ்ஓ 200இல் வையுங்கள். அது 1/30 வினாடி என்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்லைடை முழுதும் உருவி 1/30 கொடுங்கள். ஸ்லைடைக் கால்வாசி உள்ளே தள்ளி மறுபடி 1/30. பாதிவரை தள்ளி 1/15. முக்கால்வரை தள்ளி 1/8. இப்போது நான்கு பட்டைகளும் முறையே 1, 2, 4, 8 பங்கு வெளிச்சம் வாங்கியிருக்கின்றன. அதாவது ஐஎஸ்ஓ 200, 100, 50, 25. ஒவ்வொரு முறை ஷட்டரை ஏற்றும்போதும் கேமரா நகராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு ஷீட் உங்கள் ஃபிலிம், உங்கள் லென்ஸ், உங்கள் கலவை மூன்றையும் பற்றிச் சொல்வதை எந்த அட்டவணையும் சொல்லாது.

கழுவுதல், முக்கியமாக வெயில் காலத்தில்

பழைய கலவைக் குறிப்புகள் பெரும்பாலும் 20 டிகிரியைக் கணக்கில் வைத்து எழுதப்பட்டவை. சித்திரையில் எங்கள் குழாய்த் தண்ணீர் 32 டிகிரி. 1850களில் மதராஸ் அரசாங்கத்துக்காகத் தஞ்சையையும் மதுரையையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் இந்த வெக்கையில்தான் மெழுகுக் காகித நெகட்டிவ்களோடு மல்லுக்கட்டினார். நமக்கு ஃபிரிட்ஜ் இருக்கிறது. 20க்கு இறக்கப் போராட வேண்டாம், 24 போதும். டெவலப்பருக்குள் ஐஸ் போடாதீர்கள், நீர்த்துவிடும். பெரிய வேசினில் ஐஸ் தண்ணீர் வைத்து அதில் டிரேயை மிதக்கவிடுங்கள். 20 டிகிரியில் 10 நிமிடம் என்றால் 24இல் ஏறத்தாழ 7 நிமிடம். டெவலப்பர் 24, ஃபிக்ஸர் 32 என்று தாவினால் வெந்து இளகிய எமல்ஷன் சுருங்கி வலைபோல வெடிக்கும். ஆகவே எல்லா டிரேயும் ஒன்றிரண்டு டிகிரிக்குள் இருக்கட்டும்.

எக்ஸ்ரே ஃபிலிமுக்கு இயல்பிலேயே கான்ட்ராஸ்ட், அதாவது கருப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம், அதிகம். எலும்பைக் காட்டப் பிறந்தது அல்லவா. அதனால் டி-23ஐச் சரிபாதி தண்ணீர் கலந்து, 150க்கு 150 மில்லி, ஒரு ஷீட்டுக்குப் பயன்படுத்திவிட்டுக் கொட்டிவிடுங்கள். டிரேயின் அடியில் அளவாக வெட்டிய, ஓரம் மழித்த கண்ணாடி ஒன்றைப் போடுங்கள். கீறலுக்கான வைத்தியம் இதுதான். ஃபிலிமை முதலில் ஒரு நிமிடம் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு டெவலப்பரில் நழுவவிட்டு, டிரேயின் ஒரு மூலையை மெல்லத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். ஃபிலிமைக் கிள்ளவோ புரட்டவோ வேண்டாம்.

24 டிகிரியில் 6 நிமிடம் என்று தொடங்கலாம். ஆனால் கடிகாரத்தை மட்டும் பார்க்காதீர்கள். முதல் நிமிடத்துக்குள் வானமும் வெள்ளைச் சுவரும் சாம்பலாகக் கிளம்பும். மூன்றாவது நிமிடத்தில் இலைகள் தெரியும். நிழல் பகுதிக்குள் ஏதாவது விவரம் எட்டிப்பார்க்கிறதா என்று தேடுங்கள். சிவப்பு விளக்கில் எல்லாமே உண்மையைவிடக் கறுப்பாகத் தெரியும். 'ஐயோ, அதிகமாகிவிட்டது' என்று தோன்றும் கட்டத்துக்குப் பிறகும் சற்றுப் பொறுக்க வேண்டும். இந்தப் பொறுமை எனக்கு வர இருபது ஷீட் பிடித்தது. அதுவரை எடுத்ததெல்லாம் வெளிறிய நெகட்டிவ்தான்.

பிறகு தண்ணீரில் ஒரு நிமிடம் அலசி, ஹைப்போவுக்கு. பால் நிறம் மறைந்து ஃபிலிம் தெளிய எவ்வளவு நேரம் ஆகிறதோ அதைப்போல இரண்டு மடங்கு நேரம் விடுங்கள். இருபக்க எமல்ஷன் என்பதால் பத்து நிமிடம்கூட ஆகலாம். தெளிந்தபின் விளக்கைப் போடலாம். கடைசியில் டிரேயில் ஐந்தாறு முறை தண்ணீர் மாற்றி, ஒவ்வொரு முறையும் சில நிமிடம் ஊறவிட்டால் போதும், குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரை வீணாக்க வேண்டியதில்லை. இறுதி அலசல் மட்டும் கேன் தண்ணீரில், ஒரே ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு. இல்லையென்றால் காய்ந்ததும் உப்புப் புள்ளி. ஃபேனுக்கு அடியில் காயவைக்காதீர்கள், தெருத் தூசி முழுக்க ஒட்டிக்கொள்ளும்.

பழைய ஹைப்போவில் ஃபிலிமிலிருந்து வந்த வெள்ளி இருக்கிறது. கிணற்றடியிலோ செடியிலோ ஊற்றக் கூடாது. கேனில் சேர்த்து வைத்தால், எக்ஸ்ரே கழிவிலிருந்து வெள்ளி பிரிக்கும் வியாபாரிகள் வாங்கிக்கொள்வார்கள்.

காய்ந்த நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் செய்தித்தாள்மேல் வையுங்கள். மிகக் கறுத்த பகுதி வழியாக எழுத்து மட்டுமட்டாகப் படிக்க முடிந்தால் கழுவிய நேரம் சரி. படிக்கவே முடியாவிட்டால் அடுத்த முறை ஒரு நிமிடம் குறையுங்கள். நிழல் பகுதி கண்ணாடிபோல வெறுமையாக இருந்தால் அது கழுவிய குறையன்று, வெளிச்சம் போதவில்லை. எந்தப் பட்டையில் நிழலுக்குள் விவரம் தொடங்குகிறதோ அதுதான் உங்கள் ஐஎஸ்ஓ. ஒரு ஷீட்டுக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், நோட்டில் எழுதுங்கள். நேரத்தையும் கலவையையும் சேர்த்து மாற்றினால் எது எதைச் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து காபி

டி-23 கைக்கு வந்தபின் 'காஃபினால்' என்ற காபி டெவலப்பரைச் செய்து பாருங்கள். 1995இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸின் வகுப்பில் பிறந்தது. பின்னால் வைட்டமின் சி சேர்ந்து பரவலான அளவு இது: நீரற்ற வாஷிங் சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், இன்ஸ்டன்ட் காபித்தூள் 40 கிராம், தண்ணீர் 1 லிட்டர். 20 டிகிரியில் 15 நிமிடம். எக்ஸ்ரே ஃபிலிமுக்கு அதில் பாதி நேரத்திலிருந்தே கண் வையுங்கள்.

நம் வீட்டில் இடறுகிற இடங்கள் மூன்று. இட்லி மாவுக்குப் போடும் ஆப்பசோடா வேறு, வாஷிங் சோடா வேறு. ஆப்பசோடாதான் இருக்கிறதென்றால் பழைய இரும்புச் சட்டியில் போட்டு அரைமணி நேரம் நன்றாக வறுத்தால் அது வாஷிங் சோடாவாக மாறும். 100 கிராம் 63 கிராமாகக் குறைந்ததும் வேலை முடிந்தது என்று தராசே சொல்லிவிடும். இரண்டாவது, காபித்தூளில் சிக்கரி. டம்ளருக்குச் சிக்கரி ருசிதான், டிரேக்குச் சுத்தமான காபி வேண்டும். பாட்டிலின் பின்பக்கச் சிறிய எழுத்தைப் படித்து, சிக்கரி கலக்காததிலேயே மலிவானதை எடுங்கள். மூன்றாவது, வைட்டமின் சி வெறும் பொடியாக வேண்டும், ஆரஞ்சு மாத்திரையில் சர்க்கரையும் சாயமும் உண்டு.

சோடாவை முதலில் கரையுங்கள், தண்ணீர் சூடாகும், ஆறட்டும். பிறகு வைட்டமின் சி, நுரைத்துப் பொங்கும். கடைசியில் காபி. அரைமணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். நாற்றத்தை நான் வர்ணிக்கப்போவதில்லை. குளியலறை ஜன்னலைத் திறந்து வைக்க முடியாத வேலை இது என்பதால், வீட்டில் எல்லோரும் குளித்து முடித்தபின் தொடங்குங்கள். காபியின் கருமையில் படம் எழும்புவது சரியாகத் தெரியாது, அவ்வப்போது ஷீட்டை ஓரத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் பழகியபின் இல்ஃபோர்டு எஃப்பி4 போன்ற சாதாரண ஷீட் ஃபிலிமுக்கு மாறலாம். அதற்கு எல்லா நிறமும் தெரியும், முகங்கள் முகங்களாக வரும், ஆனால் முழு இருட்டில்தான் கழுவ வேண்டும். பெட்டியைத் திறக்கும் முன் சிவப்பு விளக்கின் பிளக்கையே பிடுங்கி வெளியே வைத்துவிடுங்கள். எக்ஸ்ரே பழக்கத்தில் நான் விளக்கை எரியவிட்டபடியே பெட்டியைத் திறந்தேன். 25 ஷீட்.